கடலுக்குள் மூச்சு விட்ட மனிதர்



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று சங்கத்தில் கேட்டார்கள். எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, கலாம் என்று எல்லோரையும் சீனியர்கள் பழைய மலர்களிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். யாரைப் பிடிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது கைக்கு வந்து சேர்ந்தது ஒரு ரெகுலேட்டர்.

ஆம்! வீட்டுச் சிலிண்டரில் மாட்டும் கேஸ் ரெகுலேட்டர்தான். என் அப்பாவுக்கு வீடு வீடாகச் சிலிண்டர் போடுகிற வேலை. அதனால் அந்தச் சாமான் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். ஆனால் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று, இரண்டாம் வருடம் எங்கள் சார் பழுதான ஒன்றைப் பிரித்து மேஜையில் பரப்பியபோதுதான் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு சின்ன லீவர், ஒரு வால்வு. அவ்வளவுதான்! இதே மாதிரி ஒரு சாமானை வைத்துத்தான் பிரான்ஸ் தேசத்தில் இரண்டு பேர் மனிதனைக் கடலுக்குள் மீன் போல நடமாட விட்டார்கள் என்று சார் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது மண்டையில் ஏறிக்கொண்டது. லைப்ரரியில் தேடினேன். அந்த இரண்டு பேரில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ஜாக் இவ் கூஸ்தோ. இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூஸ்தோ பிறந்தது 1910-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள். ஊர், போர்தோ நகரத்துக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் ஆந்த்ரே த க்யூப்ஸாக். பையன் நோஞ்சான். ஆனால் தண்ணீர் என்றால் உயிர். பத்து வயது வாக்கில் குடும்பம் கொஞ்ச நாள் அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஒரு கோடை முகாமில், ஏரிக்கு அடியில் கிடக்கும் காய்ந்த கிளைகளை முங்கி முங்கி எடுத்துப் போடும் வேலையை இவனிடம் கொடுத்தார்கள். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வேலை செய்த முதல் அனுபவம் அதுதான். பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காகப் பள்ளியை விட்டே அனுப்பினார்கள். (நம்மில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும்!) ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. சிறுவனாக இருக்கும்போதே காசு சேர்த்து ஒரு சினிமா காமிரா வாங்கி, முதல் வேலையாக அதைப் பிரித்துப் பார்த்தான். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றிய இரண்டு விஷயங்களும், அதாவது கருவிகளும் காமிராவும், இப்படிச் சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்டன.

1930-ல் பிரெஸ்ட் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அவர் ஆசைப்பட்டது கடலுக்கு அல்ல, ஆகாயத்துக்கு! கடற்படை விமானியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடியும் தறுவாயில் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு இரவில் மலைப்பாதையில் போனார். விபத்து. இரண்டு கைகளும் முறிந்தன. ஒரு கையில் சீழ் பிடித்து, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மாதக்கணக்கில் படுத்து, விரல் விரலாக அசைத்துப் பழகி, கையைத் திரும்பப் பெற்றார். விமானி கனவு போனது போனதுதான். கடற்படை அவரைத் தெற்கே தூலோன் துறைமுகத்துக்கு அனுப்பியது. அங்கே கைக்குப் பலம் வர நீந்த ஆரம்பித்தார்.

1936-ஆம் ஆண்டு. தூலோன் பக்கத்தில் ஒரு கடற்கரை. உடன் வேலை செய்த ஃபிலிப் தாய்யே என்ற அதிகாரி, நீருக்குள் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணாடியைக் கொடுத்தார். கூஸ்தோ அதை மாட்டித் தலையை முக்கினார். மேலே தலையைத் தூக்கினால் டிராம் வண்டி, கரண்ட் கம்பம், ஜனங்கள். கீழே முக்கினால் பாசிக் காடும் மீன்களும். நடுவில் ஒரு கோடுதான், தண்ணீர் மட்டம். அந்த மனிதரின் வாழ்க்கை அன்றைக்குத் திரும்பியது. நன்றாகக் கவனியுங்கள், அவர் ஆழத்தில் இல்லை. மேலே மிதந்தபடி முகத்தை மட்டும் நீருக்குள் வைத்திருந்தார். இன்றைக்கு வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முகக் கண்ணாடியும் வாயில் ஸ்நார்க்கல் குழாயும் மாட்டிக்கொண்டு, பவளப் பாறைகளுக்கு மேலே குப்புற மிதந்து, கடலாமை புல் மேய்வதைப் பார்க்கிறார்களே, அதே நிலைதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. குழாய் ஒரு அடி, ஒன்றேகால் அடிதானே இருக்கிறது, அதையே முப்பது அடி நீளத்துக்குச் செய்தால் ஆழத்துக்கே போகலாமே? முடியாது. நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்திலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 100 கிராம் எடை வைத்த மாதிரி ஆகிவிடும். குழாய் வழியே வரும் காற்றோ மேலே உள்ள சாதாரண அழுத்தத்தில்தான் இருக்கும். நெஞ்சு விரியவே விரியாது. அதனால்தான் ஸ்நார்க்கல் குழாய் அவ்வளவு குட்டை. ஆழத்துக்குப் போக வேண்டுமென்றால், அந்த ஆழத்து அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில், கேட்கும்போது மட்டும், காற்றைக் கொடுக்கிற சாமான் ஒன்று வேண்டும்.

அதைத் தேடித்தான் கூஸ்தோ ஏழு வருடம் அலைந்தார். 1937-ல் சிமோன் மெல்கியோர் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு மகன்கள். தாய்யேயும், ஈட்டியால் மீன் குத்துவதில் கெட்டிக்காரரான ஃப்ரெடெரிக் துமாவும் இவரும் மூவர் அணி ஆனார்கள். அப்போது அவர்கள் மூவருமே வேட்டைக்காரர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1939-ல் கூஸ்தோ சுத்த ஆக்ஸிஜனை நிரப்பிய ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு 45 அடி ஆழம் போனார். ஆழத்தில் சுத்த ஆக்ஸிஜன் விஷம் என்பது அன்று சரியாகத் தெரியவில்லை. வலிப்பு வந்தது. இடுப்பு எடையைக் கழற்றிவிட்டதால் மேலே மிதந்து பிழைத்தார். மனிதர் விடவில்லை. கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடி போனார். மறுபடி வலிப்பு! அதோடு ஆக்ஸிஜனைக் கைவிட்டு அழுத்தம் ஏற்றிய சாதாரணக் காற்றுக்கு வந்தார்.

இனி அந்த இன்னொருவர். 1942-ஆம் ஆண்டுக் கடைசி. பிரான்ஸை ஜெர்மன் படைகள் பிடித்துவைத்திருந்த காலம். பெட்ரோல் கிடையாது. கார்களைக் கரி எரிவாயுவிலும் மற்ற வாயுக்களிலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாயுவை எஞ்சினுக்குத் தேவைப்படும்போது தேவையான அளவு விடும் ஒரு சின்ன வால்வைச் செய்துகொண்டிருந்தார் பாரிஸில் ஒரு எஞ்சினியர். பெயர் எமில் கான்யான். ஏர் லிக்கீட் கம்பெனியில் வேலை. சிமோனின் அப்பாவுக்கு அந்தக் கம்பெனியில் செல்வாக்கு இருந்ததால் மாப்பிள்ளைக்கு அறிமுகம் கிடைத்தது. கூஸ்தோ தனக்கு என்ன வேண்டும் என்று விளக்கினார். எஞ்சினுக்குப் பதில் மனிதன். கான்யான் மேஜை மேலிருந்த தன் கார் வால்வைத்தான் முதலில் காட்டினாராம்.

எனக்கு இந்த இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காருக்காகச் செய்த சாமான்!

வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு வட்டப் பெட்டி. நடுவில் ரப்பர் டயாஃப்ரம். டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் கடல் தண்ணீர் தொடுகிறது. மறுபக்கம் நாம் மூச்சு இழுக்கும் காற்று. நாம் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, தண்ணீர் டயாஃப்ரத்தை உள்ளே தள்ளும். அது லீவரை அமுக்கும். லீவர் வால்வைத் திறக்கும். சிலிண்டரிலிருந்து காற்று வரும். உள்ளே வெளியே அழுத்தம் சமமானதும் வால்வு மூடிக்கொள்ளும். ஆழம் கூடினால் தண்ணீரே கூடுதலாகத் தள்ளும், அதற்கேற்பக் காற்றும் கூடுதல் அழுத்தத்தில் வரும். யாரும் திருக வேண்டாம், அளக்க வேண்டாம். கேஸ் ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்தவனுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

1943 ஜனவரியில் பாரிஸுக்கு வெளியே மார்ன் நதியில் கூஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு இறங்கினார். படுத்து நீந்தினால் அருமை. நிமிர்ந்து நின்றால் காற்று சீறிக்கொண்டு வீணாகப் போகிறது. தலைகீழானால் மூச்சே இழுக்க முடியவில்லை. இரண்டு பேரும் சோர்ந்து போய்த் திரும்பினார்கள். வரும் வழியிலேயே காரணம் பிடிபட்டது. மூச்சை வெளிவிடும் வாய் ஒரு இடத்திலும், காற்று வரும் வாய் அதற்கு ஆறு அங்குலம் தள்ளியும் இருந்தது. நிமிர்ந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த ஆறு அங்குலத் தண்ணீரின் அழுத்த வித்தியாசமே கருவியைக் கெடுத்தது. இரண்டு வாயையும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். தீர்ந்தது பிரச்சினை. ஆறே அங்குலம், நண்பர்களே! டிராயிங்கில் நாம் எவ்வளவு அலட்சியமாகக் கோடு போடுகிறோம்!

அந்த வருடம் ஜூன் மாதம் மத்தியதரைக் கடலோரம் பந்தோல் என்ற ஊரில் முதல் முழு வெள்ளோட்டம். கூஸ்தோ முதுகில் மூன்று சிலிண்டர்களுடன் இறங்கினார். துமா கரையில் காத்திருந்தார், ஆபத்து என்றால் குதிக்க. சிமோன் முகக் கண்ணாடியும் குழாயும் மாட்டி மேலே மிதந்தபடி கணவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூஸ்தோ குட்டிக்கரணம் அடித்தார், தலைகீழாக நின்றார், எந்த நிலையிலும் காற்று ஒரே சீராக வந்தது. ஒரு குகைக்குள் போய்ச் சிங்கி இறால்களைப் பிடித்து மேலே மனைவியிடம் கொடுத்தார். யுத்த காலத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சம், அதனால் அன்று விருந்துதான்! கருவிக்கு அக்வாலங் என்று பெயர் வந்தது. காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கின்றன.

யுத்தம் முடிந்ததும் கடற்படையில் நீரடி ஆராய்ச்சிக் குழு அமைத்துக் கண்ணிவெடிகளை அகற்றினார்கள். எல்லாம் வெற்றிதான் என்று எழுதிவிட ஆசை. ஆனால் 1947 செப்டம்பரில் மொரீஸ் ஃபார்க் என்ற குழு உறுப்பினர், காற்றைச் சுவாசித்துக்கொண்டு எவ்வளவு ஆழம் போக முடியும் என்று பார்க்கும் சோதனையில் இறங்கினார். கயிற்றில் வரிசையாகப் பலகைகள் கட்டியிருந்தார்கள். எட்டிய ஆழத்துப் பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். கயிறு அசைவு நின்றது. மேலே இழுத்தபோது உயிர் இல்லை. அவருடைய கையெழுத்து 120 மீட்டர் பலகையில் இருந்தது. ஆழத்தில் நைட்ரஜன் மதுவைப் போல மூளையை மயக்கும். வாயிலிருந்து குழாய் நழுவியது கூடத் தெரியாது. அக்வாலங்குடன் மூழ்கி இறந்த முதல் மனிதர் அவர். அதற்குப் பிறகு ஆழத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டார்கள்.

1950-ல் கூஸ்தோவுக்குக் கப்பல் கிடைத்தது. அமெரிக்காவில் கட்டி, பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கண்ணிவெடி அகற்றிய மரக் கப்பல். பிறகு மால்டாவில் ஆள் ஏற்றும் படகாக ஓடியது. ஒரு பிரிட்டிஷ் பணக்காரர் அதை வாங்கி வருடத்துக்கு ஒரே ஒரு ஃபிராங்க் வாடகைக்கு இவரிடம் விட்டார். கலிப்ஸோ என்று பெயர். அதைச் சீர்படுத்த சிமோன் தன் நகைகளை விற்றார். கூஸ்தோவைக் காட்டிலும் அதிக நாள் அந்தக் கப்பலில் வாழ்ந்தவர் சிமோன்தான். மாலுமிகளுக்குத் தாய் மாதிரி இருந்தார். காமிரா முன்னால் மட்டும் வர மாட்டார். அதனால் படங்களில் அவரைப் பார்ப்பது அரிது.

கலிப்ஸோ செங்கடலுக்குப் போனது, பாரசீக வளைகுடாவுக்குப் போனது. பணத்துக்காக 1954-ல் அபுதாபி கடலில் எண்ணெய் தேடும் கம்பெனிக்கு அடித்தரைப் பாறை எடுத்துக் கொடுத்தார் கூஸ்தோ. இதுவும் அவர் வாழ்க்கைதான். பிறகு இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் பக்கத்துப் பவளத் தீவுகள், அல்டாப்ரா, அசம்ப்ஷன். அங்கே எடுத்த காட்சிகளை வைத்து, லூயி மால் என்ற இளைஞருடன் சேர்ந்து செய்த படம்தான் அமைதி உலகம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் படம். 1956-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது, அடுத்த வருடம் ஆஸ்கார்.

இந்தப் படத்தை நான் பார்த்தேன். மொழி புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. அசம்ப்ஷன் தீவுப் பவளப் பாறையில் ஒரு பெரிய களவா மீன் வருகிறது. மூழ்குபவர்கள் அதற்கு ஜோஜோ என்று பெயர் வைத்து இறைச்சித் துண்டு ஊட்டுகிறார்கள். அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்து, மற்ற மீன்களுக்கு ஊட்ட விடாமல் இடித்துத் தள்ளுகிறது. வேலை நடக்க வேண்டுமென்று அதைக் கொஞ்ச நாள் சுறாக் கூண்டுக்குள் போட்டு அடைத்தார்கள்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். அதே படத்தில், ஒரு பவளப் பாறையில் என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்க டைனமைட் வைக்கிறார்கள். வெடித்தவுடன் வெள்ளையாக மீன்கள் மிதக்கின்றன. இன்னொரு இடத்தில் கலிப்ஸோவின் உந்துவிசிறி ஒரு திமிங்கலக் குட்டி மேல் பட்டுவிடுகிறது. அது வேண்டுமென்று செய்ததல்ல. இரத்த வாடைக்குச் சுறாக்கள் வருகின்றன. இதே ஆட்கள் அந்தச் சுறாக்களைக் கொக்கி போட்டுக் கப்பலுக்கு இழுத்துக் கோடரியால் வெட்டுகிறார்கள். தீவில் பெரிய நில ஆமைகள் மேல் ஏறி உட்காருகிறார்கள். கடலுக்குள் கடலாமையின் ஓட்டைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிறார்கள். ஆமை மீன் அல்ல. அதற்கும் நம்மைப் போல நுரையீரல்தான், மேலே வந்து காற்றை இழுத்தால்தான் உயிர். முதுகில் முழுச் சிலிண்டர் காற்றுடன் ஒரு ஆள், ஒரே மூச்சுக் காற்றுடன் இருக்கும் ஆமையைப் பிடித்துத் தொங்குகிறான். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. அந்த ரெகுலேட்டரின் மேல் எனக்கிருந்த பெருமை அந்த நிமிடம் கொஞ்சம் இறங்கியது என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரையை அதோடு விட்டுவிடலாமா என்று கூட யோசித்தேன். நண்பன் ஒருவன், அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாதுடா என்று வாதாடினான். பாதி உண்மை. அன்றைக்குப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள், பரிசு கொடுத்தார்கள். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த ஆள் பிறகாவது மாறினாரா இல்லையா?

மாறினார். ஒரே நாளில் அல்ல. 1957-ல் மொனாகோ கடலியல் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 1960-ல் பிரான்ஸ் அரசாங்கம் அணுக் கழிவு பீப்பாய்களை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டமிட்டது. அரசாங்கத்தின் தயவில் வேலை நடக்க வேண்டிய மனிதர், துணிந்து எதிர்த்தார். கடலோர ஜனங்கள் கிளம்பினார்கள். கழிவு கொட்டப்படவில்லை. 1962-லிருந்து 1965 வரை கடலுக்கடியில் வீடு கட்டி மனிதர்களைக் குடிவைத்தார். செங்கடலில் சூடான் கரைப் பவளப் பாறையில் 1963-ல் ஐந்து பேர் ஒரு மாதம் 10 மீட்டர் ஆழத்தில் வாழ்ந்தார்கள். மனிதன் கடலுக்கடியில் குடியேற வேண்டும் என்பது அப்போதைய அவர் கனவு. பிறகு அந்தக் கனவையே கைவிட்டார். குடியேறுவதைவிடக் காப்பாற்றுவதே முதல் வேலை என்ற எண்ணம் வந்துவிட்டது.

காரணம் வேறொன்றுமில்லை, அவரே திரும்பத் திரும்ப அதே இடங்களுக்குப் போனதுதான். முன்பு மீன் நிறைந்திருந்த மத்தியதரைக் கடல் பாறைகள், சில பத்தாண்டுகள் கழித்துப் போனபோது வெறிச்சென்று கிடந்தன. ஈட்டியோடு இறங்கிய முதல் தலைமுறையில் தானும் ஒருவர் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? 1968-லிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவருடைய தொடர் வந்தது. கலிப்ஸோவும் சிவப்புக் கம்பளிக் குல்லாவும் உலகம் முழுக்கப் பிரபலம். கடலாமைகள் இணை சேர்வதையும், தாய் ஆமை இரவில் மணலில் குழி தோண்டி முட்டையிடுவதையும், குஞ்சுகள் பறவைக்குத் தப்பிக் கடலுக்கு ஓடுவதையும், கடலையே பார்த்திராத ஊர்களில் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி பார்த்தார்கள். 1973-ல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். இலட்சக்கணக்கில் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள்.

அல்டாப்ராவையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கறிக்காகவும் ஓட்டுக்காகவும் பச்சை ஆமைகளைப் பல காலம் கொன்று குவித்தார்கள். 1968-ல் ஆமை வேட்டைக்குத் தடை வந்தது. 1982-ல் அது உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. இதற்கெல்லாம் கூஸ்தோ ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன், பல விஞ்ஞானிகள் போராடினார்கள். தடைக்குப் பிறகு அங்கே முட்டையிட வரும் ஆமைகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன. ஒரு பச்சை ஆமை முட்டையிடும் வயதுக்கு வர இருபது முப்பது வருடம் கூட ஆகும். அதனால் தடை போட்டவர்கள் பலனைப் பார்க்கப் பல வருடம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

கூஸ்தோவின் பின்வாழ்க்கை சோகமானது. இளைய மகன் ஃபிலிப், அப்பாவின் வலது கை, 1979 ஜூனில் போர்ச்சுகலில் லிஸ்பன் பக்கத்து ஆற்றில் கடல் விமானம் கவிழ்ந்து இறந்தார். 1990-ல் சிமோன் புற்றுநோயால் காலமானார். அடுத்த வருடமே கூஸ்தோ வேறொரு பெண்ணை மணந்தார். அவருடன் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மூத்த மகனுடன் பெயர் உரிமை பற்றி வழக்கு வரை போனது. நகையை விற்றுக் கப்பலைக் காப்பாற்றிய சிமோனை நினைத்தால் மனசு கேட்கவில்லை. பெரிய மனிதர் வரலாறு என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். நான் எழுதிவிட்டேன்.

எண்பது வயதிலும் ஓயவில்லை. அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்ட அனுமதிக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1991-ல் மாட்ரிட் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் அங்கே சுரங்கத்துக்குத் தடை போட்டது. 1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்குப் படகு மோதி கலிப்ஸோ மூழ்கியது. தூக்கி எடுத்தார்கள், ஆனால் அவர் காலத்தில் அது மறுபடி ஓடவில்லை. அடுத்த வருடம், 1997 ஜூன் 25 அன்று, தன் 87-ஆவது வயதில் பாரிஸில் கூஸ்தோ மறைந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இதை எழுதி முடித்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான்தான் முதல் ஆள் என்பதால், நான் எதை எழுதினாலும் அவர் முழுசாகக் கேட்பார். டயாஃப்ரம், லீவர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆமை வந்த இடத்தில் உச்சுக்கொட்டினார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். அந்த வால்வு செய்தவர் என்ன ஆனார் என்று.

கான்யான் 1947-ல் குடும்பத்தோடு கனடாவில் மாண்ட்ரியல் நகரத்துக்குப் போய்விட்டார். அதே கம்பெனியின் கனடா கிளையில் வேலை. அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து, மூழ்குபவர்களுக்கான ரெகுலேட்டர்களை ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து, பிரித்து, திருத்திக்கொண்டே இருந்தார்.